பழக்கலவையும் பனிக்கட்டியும்

பெருநாளிலும் மணவிருந்திலும் கிண்ணத்தில் குளிரக் குளிர வரும் கஸ்டர்ட் பழக்கலவை, இன்று இளையாத்தங்குடி போன்ற செட்டிநாட்டுச் சிற்றூர்களிலும் புதுமையன்று. மதிய வெயிலில் வந்திறங்கும் விருந்தினருக்கு முன்பெல்லாம் பானை நீரும் மோரும் நன்னாரி சர்பத்துமே குளிர்ச்சி தந்தன. கிண்ணத்திலுள்ள பழமும் பாலும் நம் மண்ணுக்குரியவை. குளிர்ச்சியும் கஸ்டர்டும் கடல் கடந்து வந்தவை.

பழங்களைச் சேர்த்துண்பது தொன்மையான வழக்கம். நபி (ஸல்) அவர்கள் தர்பூசணியைப் பேரீச்சங்கனியோடு சேர்த்து உண்டதையும், ஒன்றின் வெம்மையை மற்றதன் தண்மை தணிப்பதாகக் கூறியதையும் அபூதாவூதில் காண்கிறோம். ஆனால் பனிக்கட்டியின் குளிர்ச்சி நெடுங்காலம் அரண்மனைக்கே உரியதாயிருந்தது. அக்பரின் அவையில் வெடியுப்பு கரைத்த நீரில் குடிநீர்க் கலங்களை வைத்துக் குளிரூட்டியதையும், வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி வந்ததையும் அபுல் ஃபஸ்ல் ஆயினே அக்பரியில் எழுதியுள்ளார்.

1833ஆம் ஆண்டு மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் வெட்டியெடுத்த பாளங்கள் அவை. நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்ற அந்த வணிகர் பின்னாளில் பனிக்கட்டியோடு ஆப்பிள்களையும் அனுப்பினார். பழக்கலவையின் இரு பொருள்கள் ஒரே கப்பலில் வந்திருக்கின்றன!

சென்னையில் அவர் 1842இல் எழுப்பிய கிடங்கே ஐஸ் ஹவுஸ். திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குத் தொழச் செல்வோர் இன்றும் அப்பகுதியை அப்பெயராலேயே அழைக்கின்றனர். நீராவிப் பொறிகளால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் கரைந்துபோயிற்று. அக்கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம்.

கஸ்டர்ட் தூள் பிறந்தது ஒரு கணவரின் அக்கறையால். பர்மிங்காமில் மருந்துக்கடை நடத்திய ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. எனவே 1837இல் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்டர்டை அவர் உருவாக்கினார். அம்மாவு பாலில் வெந்துதான் கெட்டிப்படும். ஆகவே கிளறிக் காய்ச்சி, முழுதும் ஆறிய பின்னரே பழம் சேர்த்தல் வேண்டும். சூட்டில் சேர்த்தால் பழம் நீர்விட்டுக் கலவை நீர்த்துவிடும். பச்சை அன்னாசி சேர்த்துச் சற்று நேரம் வைத்தால் பால் கசந்து திரியும்.

இக்கிண்ணத்தில் நம் சமுதாயத்தார் கவனிக்க வேண்டியது, அழகுக்காகச் சேர்க்கும் ஜெல்லி. கடையில் விற்கும் ஜெல்லி பலவற்றில் ஜெலட்டின் உண்டு. அது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் எடுக்கப்படுவது. எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் உறையில் இராது. நம்மை நம்பி உண்ணும் விருந்தினர் அதைக் கேட்கவும் கூச்சப்படுவார். நோன்பு திறக்கும் வேளைக்கு நம் பெண்கள் காய்ச்சும் கடற்பாசி இருக்க, அந்த ஐயம் எதற்கு? பச்சை அன்னாசி பட்டால் ஜெலட்டின் உறையாது. கடற்பாசியோ தடையின்றி உறையும். குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் அது கட்டியாகும்.

மலாய் மொழியில் அதற்கு அகர் அகர் என்று பெயர். பர்மாவிலும் தேங்காய்ப் பாலோடு அதை அடுக்கடுக்காக உறையவைப்பார்கள். செட்டிநாட்டார் பொருளீட்டச் சென்ற நாடுகள் அவை. ஆனால் அதற்கான பாசி இளையாத்தங்குடிக்குத் தொலைவிலும் இல்லை. பாம்பன், மண்டபம் பகுதியில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் கடலில் மூழ்கி அதைப் பறித்துக் கரைசேர்க்கின்றனர்.