மலையில் டவர், கடலில் கேபிள்



"சேர், இன்டர்நெட் எங்கயிருந்து வருது?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. எல்லோரும் மலை உச்சி டவரைக் கைகாட்டினார்கள். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

டவர் வெறும் வாசல்தான். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலடிக் கேபிள்களில் போகிறது. ஆழ்கடலில் அந்தக் கேபிள் நாம் தண்ணீர் பிடிக்கும் ரப்பர் குழாய் அளவே இருக்கும். அதற்கு முதல் எதிரி மீன்பிடி வலையும் கப்பலின் நங்கூரமும்.

2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஓர் இந்தியச் சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டது. கேபிள் சேதமடைந்தது. இலங்கையின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் பெருமளவில் முடங்கின.

2024 பெப்ரவரி 18ஆம் திகதி, உரம் ஏற்றிவந்த 'ரூபிமார்' கப்பல் செங்கடல் வாசலில் ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. மாலுமிகள் நங்கூரத்தை இறக்கிவிட்டு வெளியேறினார்கள். ஆளில்லாக் கப்பல் நங்கூரத்தை இழுத்தபடி நாட்கணக்கில் மிதந்தது. அந்த நாட்களில் அங்கே மூன்று கேபிள்கள் அறுந்தன. அந்த நங்கூரமே காரணமாக இருக்கலாம் என்றார்கள். மார்ச் 2ஆம் திகதி கப்பல் மூழ்கியது.

இந்தக் கதையில் நமக்கும் பழைய பங்கு உண்டு. 1858இலேயே மன்னார்க் கடலடியில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டாயிற்று. கோப்பித் துரைமாருக்கு விலையும் கப்பல் செய்தியும் விரைவாக வந்தன. அதே கடலைத் தாண்டித்தான் நம் முன்னோர் தோணியிலும் கப்பலிலும் வந்தார்கள். 1864இல் 'ஆதிலட்சுமி' கப்பல் 120 தொழிலாளரோடு மூழ்கியது. கம்பி போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த 120 வீடுகளில் எத்தனை வீட்டுக்குத் தந்தி போயிருக்கும்?

இன்று சவூதியிலும் குவைத்திலும் இருக்கும் தாய்மார் வீடியோ அழைப்பில் லயத்துப் பிள்ளையின் முகம் பார்க்கிறார்கள். அன்று துரைக்கு மட்டும் பேசிய கம்பி இன்று நமக்கும் பேசுகிறது. அதனால்தான், தூரத்துக் கடலில் ஒரு கப்பல் மூழ்கினால் அது நம் வீட்டுச் செய்தியும்தான்.

உங்கள் பாட்டன் பாட்டி எந்தக் கப்பலில் வந்தார்கள்? ஊரிலிருந்து முதல் செய்தி எப்படி வந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அதுவும் பாடம்தான்.