பாற்காலும் குருதிக் கட்டியும்

பிள்ளை பெற்ற சில நாள்களில் தாயின் கால் ஒன்று வெளுத்து வீங்கித் தொடவும் பொறுக்காதபடி நோவெடுக்கும் நோயை ஐரோப்பியர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதனை அவர்கள் ‘பாற்கால்’ என்று வழங்கினர். மார்பில் சுரந்த பால் வெளியேற வழியின்றிக் காலில் இறங்கித் தேங்கிவிட்டது என்பதே பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் பலரின் துணிபு. வெண்ணிறமும் வீக்கமும் அக்கருத்துக்கு அரண் செய்வன போல் தோன்றின. 1823ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த டேவிட் டேவிஸ் என்னும் மகப்பேற்று மருத்துவர், இந்நோயுற்று இறந்த பெண்களின் உடல்களை அறுத்தாய்ந்து கண்டதை வெளியிட்டார். காலிலிருந்து இடுப்பு வழியே மேலேறும் பெருஞ்சிரைகளில் பால் இல்லை. உறைந்த குருதியே அடைத்துக் கிடந்தது.

காலின் குருதியில் பெரும்பகுதி, தசைகளுக்குள் ஆழ்ந்து கிடக்கும் சிரைகள் வழியாகவே இதயத்திற்குத் திரும்புகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி அதனை மேலே தள்ளும். சிரைகளின் உள்ளே அமைந்த சிறு கதவங்கள் அது மீண்டும் கீழே வழியாமல் தடுக்கும். இக்கதவங்களைப் பற்றி இத்தாலியின் பாதுவா நகரப் பேராசிரியர் ஃபாப்ரிசியசு 1603இல் நூல் எழுதினார். ஆயினும் அவை எதற்காக உள்ளன என்பதை அவர் சரியாக உணரவில்லை. குருதி உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவிய அவருடைய மாணவர் வில்லியம் ஆர்வியே அதன் பொருளை விளக்கினார். ஆசிரியர் கண்ட பொருளுக்கு மாணவர் உரை கண்டார் எனலாம்.

காலில் தோன்றும் கட்டி உயிரை எவ்வாறு மாய்க்கிறது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் செருமானியராகிய ருடோல்ஃப் விர்க்கோ. பெர்லின் நகரின் சாரித்தே மருத்துவமனையில் அவர் பணியேற்றபோது, சிரையின் அழற்சியே எல்லா நோய்க்கும் தலையாயது என்ற பாரிசு அறிஞர் குருவேலியேயின் கருத்து ஓங்கி நின்றது. நுரையீரல் குழாய்களில் காணப்பட்ட கட்டிகள் அங்கேயே அழற்சியால் உண்டானவை என்று பலர் நம்பினர். விர்க்கோ 1846இல், இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞராக, இதனை மறுத்தார். கட்டி வேறிடத்தில் தோன்றுகிறது. அதன் துண்டு பெயர்ந்து, குருதியோட்டத்தோடு இதயத்தைக் கடந்து, நுரையீரலை அடைத்துக்கொள்கிறது என்றார். சொன்னதோடு அமையாமல், நாய்களின் கழுத்துச் சிரையில் இரப்பர்த் துண்டு போன்றவற்றைச் செலுத்தி, பின்னர் அவற்றை நுரையீரல் குழாய்களிலிருந்து எடுத்துக் காட்டினார். ‘திராம்போசிஸ்’, ‘எம்போலிசம்’ என்று இன்று மருத்துவ உலகம் வழங்கும் சொற்கள் அவர் ஆக்கியவை. 1848இல் மேல் சைலீசியாவில் பரவிய கொள்ளைநோய்க்கு வறுமையும் ஆட்சியின் குறையுமே காரணம் என்று அஞ்சாது எழுதியவரும் இவரே. மறு ஆண்டு அவர் பெர்லினை விட்டு நீங்க நேர்ந்தது. 1856இல் அவர் மீண்டும் அந்நகருக்குத் திரும்பினார். அவ்வாண்டே அவருடைய ஆய்வுத் தொகுப்பும் வெளிவந்தது.

குருதி தேங்குதல், குழாயின் சுவர் ஊறுபடுதல், குருதியின் தன்மை திரிதல் ஆகிய மூன்றும் உறைவுக்குக் காரணங்கள் என்பது ‘விர்க்கோவின் மும்மை’ எனப்படும். அப்பெயர் ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பிறர் சூட்டியது. அவர் அவ்வாறு தொகுத்துரைத்ததில்லை.

நோயை அறிந்தும் மருந்து கிடைக்கவில்லை. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஜே மக்ளீன், குருதி உறைவதைத் தடுக்கும் பொருளொன்றை ஈரலிலிருந்து பிரித்தார். அத்தடத்தில் கிடைத்த ஹெப்பாரின் தூய்மை பெற்று நோயாளியிடம் வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. மற்றொரு மருந்தோ மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் குருதி நில்லாமல் வழிந்து மாண்டன. 1933இல் விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர், பனிப்புயலையும் பாராது, இறந்த கிடாரியையும் பாற்குடம் நிறைய உறையாத குருதியையும் கெட்ட வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாரிடம் வந்தார். அக்குருதியைக் குறித்த ஆய்வு சில ஆண்டுகள் நீண்டு டைகுமரோலில் முடிந்தது. அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலி நஞ்சாக விற்கப்பட்டது. 1954இல் மனிதர்க்கு மருந்தாயிற்று. மறு ஆண்டு மாரடைப்புற்ற அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

இம்மருந்துகள் உயிர் காக்குமா என்பதை 1960இல் பிரித்தானியாவின் பிரிஸ்டல் நகர மருத்துவர் இருவர் ஆய்ந்து வெளியிட்டனர். மருந்து பெறாத 19 பேருள் ஐவர் நுரையீரல் அடைப்பால் இறந்தனர். மருந்து பெற்ற 16 பேருள் ஒருவர்கூட அவ்வாறு இறக்கவில்லை. 1975இல் இலண்டனில் பணியாற்றிய இந்தியராகிய விஜய் கக்கரின் தலைமையில் 4,000க்கு மேற்பட்ட அறுவை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. சிறு அளவு ஹெப்பாரினை முன்கூட்டியே செலுத்தினால் இச்சாவைப் பெரிதும் தடுக்கலாம் என்று அது காட்டியது.

ஆனால், இவையெல்லாம் மேலைநாட்டார்க்கே உரியவை என்ற எண்ணம் நம் வட்டாரத்தில் வேரூன்றியிருந்தது. ஆசியரிடம் இந்நோய் அரிது என்று 1968இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. அரிது என்று கொண்டபின் தடுப்பு மருந்து எதற்கு? இந்நோயோ பல வேளைகளில் வீக்கமும் வலியும் காட்டாமல் வளர்வது. தேடாதவர் கண்ணில் படாதது. 1996இல் மலேசிய மருத்துவர்கள், இடுப்பு, முழங்கால், தொடையெலும்பு ஆகியவற்றில் அறுவை செய்துகொண்டு, தடுப்பு மருந்து பெறாத 88 பேரின் சிரைகளைச் சாயம் செலுத்தி ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 62.5 விழுக்காட்டினர்க்கு ஆழ்சிரையில் குருதி உறைந்திருந்தது. 2013இல் மலேசியச் சுகாதார அமைச்சு, இந்நோயைத் தடுப்பதற்கும் தீர்ப்பதற்குமான நெறிமுறையை வெளியிட்டது.