ஓர் ஆட்டக்காரருக்கு இரண்டு ஆண்டுகள்: அமெரிக்க இளையோர் கால்பந்தின் வரம்பு நாளும் பல்கலைக்கழகச் சேர்ப்பும்

அமெரிக்காவில் கிளப் கால்பந்து ஆடும் பதின்பருவத்தினருக்கு இரண்டு பெயர்கள் வழங்கிவந்தன. 2008 அக்டோபரில் பிறந்த ஒரு மாணவியைக் கிளப் 'ஓ-எய்ட்' என்று குறித்தது. அது பிறந்த ஆண்டு. அவளைத் தன் அணிக்கு எடுக்க நினைக்கும் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் 'டுவென்டி-செவன்' என்று குறித்தார். அது அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டு. இரண்டும் ஒரே ஆளைச் சுட்டும் பெயர்ச்சொற்கள்தாம். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றைத் திண்ணமாகக் கணித்துவிட முடியாது. அதே ஆண்டு மார்ச்சில் பிறந்த அவளது அணித்தோழியும் 'ஓ-எய்ட்' தான். ஆனால் அவள் 'டுவென்டி-சிக்ஸ்'. கடந்த பத்தாண்டுகளில் அமெரிக்க இளையோர் கால்பந்து இருமுறை தன் வயதுப் பிரிவுகளைக் கலைத்து அடுக்கியதன் பின்னணியில் இருப்பது இந்தப் பொருந்தாமையே.

பிற நாடுகளில் இது இவ்வளவு பெரிய சிக்கலாக வளர்ந்திருக்காது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் திறமையுள்ள சிறுவன் தொழில்முறைக் கிளப்பின் அகாடமியில் வளர்ந்து அங்கிருந்தே முதல் அணிக்குச் செல்கிறான். அவன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்பது கிளப்புக்கு இரண்டாம்பட்சம். அமெரிக்காவில் விளையாட்டு பல்கலைக்கழகத்தின் மடியில் வளர்ந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஆடவர் கால்பந்துக்கு முதல் வாகைப்போட்டியை நடத்தியது 1959-இல். வென்றது செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். நிலைத்து நின்ற தொழில்முறை லீக் ஒன்று அந்நாட்டுக்கு வாய்க்க அதன்பின் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 'டைட்டில் நைன்' சட்டம் 1972-இல் வந்தபின் மகளிர் அணிகள் பெருகின. 1982-இல் மகளிர் வாகைப்போட்டி தொடங்கி, வட கரோலினா பல்கலைக்கழகம் அதை வென்றது. அமெரிக்க மகளிர் தேசிய அணியின் பல தலைமுறைகள் இந்த வழியாகவே வந்தன.

பணத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 2024-25 கல்வியாண்டு வரை முதல்நிலைப் பிரிவில் ஓர் ஆடவர் கால்பந்து அணிக்கு அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகைகள் 9.9, மகளிர் அணிக்கு 14. மகளிருக்குக் கூடுதலாக இருந்ததற்குக் காரணம் அமெரிக்கன் ஃபுட்பால். அந்த விளையாட்டு 85 உதவித்தொகைகளை ஆடவருக்கே கொண்டுபோனதால், டைட்டில் நைன் கணக்கை நேர்செய்ய வேறிடங்களில் மகளிர் எண்ணிக்கையை உயர்த்த வேண்டியிருந்தது. இந்த 9.9 அல்லது 14-ஐ இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பயிற்சியாளர் பின்னங்களாகப் பிரித்துக் கொடுப்பார். எனவே பெரும்பாலோருக்குக் கிடைப்பது கட்டணத்தின் ஒரு பகுதியே. கால்பந்துத் திறமையினால் கிடைக்கும் மற்றொரு பயன், மதிப்பெண்ணால் மட்டும் திறக்காத ஒரு நல்ல பல்கலைக்கழகத்தின் சேர்க்கை. கிளப் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் பெற்றோர் ஆண்டுதோறும் செலவிடுவது பெரும்பாலும் இந்த வாசலை மனத்தில் வைத்துத்தான்.

இனி நாட்காட்டிகளுக்கு வருவோம். அமெரிக்காவில் பள்ளியில் சேரும் வயதை அந்தந்த மாநிலம் வரையறுக்கிறது. பல மாநிலங்களில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிறைந்திருந்தால் மழலையர் வகுப்பில் சேரலாம். கலிபோர்னியாவில் நெடுங்காலம் டிசம்பர் 2 ஆக இருந்த அந்த நாள், 2010-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஆண்டுக்கு ஒரு மாதமாகப் பின்னிழுக்கப்பட்டு 2014-இல் செப்டம்பர் 1-க்கு வந்தது. இளையோர் கால்பந்தோ 2016 வரை ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரையிலான ஆண்டைப் பின்பற்றியது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றியதால் வகுப்புத் தோழர்களே அணித் தோழர்களாகவும் இருந்தார்கள்.

இந்த ஆகஸ்ட் 1 அமெரிக்காவின் தனி வழக்கமும் அன்று. 1990-களின் முற்பகுதியில் ஃபிஃபா நடத்திய இளையோர் உலகப் போட்டிகளிலேயே ஆகஸ்ட் 1-தான் வரம்பு நாள். 1997-இல் மலேசியாவில் நடந்த போட்டிக்கு அது ஜனவரி 1 ஆயிற்று. உலகம் அந்நாளுக்கு நகர்ந்தது. அமெரிக்கக் கிளப்புகள் மேலும் இருபதாண்டுக் காலம் பழைய நாளிலேயே நின்றன.

வரம்பு நாள் எதுவானாலும் அது ஒரு பக்கச் சாய்வைத் தருகிறது என்பது அதற்கு முன்பே நிறுவப்பட்டிருந்தது. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி குழுவினர், ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தோர் மிகுதியாகவும் இறுதி மாதங்களில் பிறந்தோர் அரிதாகவும் இருப்பதை 1985-இல் வெளியிட்டனர். 'சார்பு வயது விளைவு' என்ற தொடர் பரவியது அதன்பின்தான். பத்து வயதில் பதினொரு மாத வேறுபாடு என்பது உயரத்திலும் விரைவிலும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. அதைப் பயிற்சியாளர் திறமை என்று வாசிக்கிறார். அப்படி வாசிக்கப்பட்ட குழந்தைக்கு நல்ல அணியும் நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டநேரமும் கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அந்த வாசிப்பு உண்மையாகவே ஆகிவிடுகிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று பெல்ஜியம். அங்கே 1997-இல் வரம்பு நாள் ஆகஸ்ட் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாறியது. வெர்னர் ஹெல்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் மாற்றத்துக்கு முந்தைய பருவத்தையும் பிந்தைய பருவத்தையும் ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், தேர்வானவர்களின் பிறந்த மாதங்கள் ஆகஸ்டு, செப்டம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரியை நோக்கி நகர்ந்ததைக் காட்டினார்கள். குழந்தைகள் அதே குழந்தைகள். மாறியது பதிவேட்டின் முதல் தேதி மட்டுமே.

இந்தப் பின்னணியில்தான் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் பிறப்பாண்டு முறையை அறிவித்தது. உலக நடைமுறையோடு இணைதல், தேசிய இளையோர் அணிகளுக்கான தேர்வை எளிதாக்குதல் ஆகியவை காரணங்கள். பிறந்த நாள் பற்றிய தகவல் தெளிவாகத் தெரிவதால் சார்பு வயது விளைவையும் எதிர்கொள்ளலாம் என்று ஒரு காரணமும் சேர்க்கப்பட்டது. முதலிரண்டும் நியாயமானவை. மூன்றாவது வியப்புக்குரியது, பெல்ஜிய ஆய்வு வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. ஆகஸ்ட் குழந்தையின் இடத்தில் ஜனவரிக் குழந்தையை வைப்பதால் சாய்வு எப்படிக் குறையும் என்பதற்கு அறிவிப்பில் விடை இல்லை.

2016 இலையுதிர்காலத்தில் பெரும்பாலான கிளப்புகள் புதிய முறைக்கு மாறின. ஐந்தாறு ஆண்டுகள் ஒன்றாக ஆடிய அணிகள் உடைந்தன. பெற்றோரின் புலம்பல் பெரும்பாலும் நட்பைப் பற்றியதாக இருந்தது; கூட்டமைப்பு அதைக் காலப்போக்கில் ஆறிவிடும் சிறு வலியாகவே எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்தின் வாசலில் நேர்ந்த பாதிப்பு உடனே தெரியவில்லை; அந்தக் குழந்தைகள் மேல்வகுப்புகளை எட்டிய பிறகே தெரிந்தது.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒவ்வோர் அணியிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் தம் அணியின் பிறரைவிட ஒரு வகுப்பு கீழே படித்தார்கள். இவர்களுக்கு வழங்கிய பெயர் 'டிராப்டு பிளேயர்', சிக்கிக்கொண்டவர். சிக்கல் இருமுறை வரும். எட்டாம் வகுப்பில் முதல்முறை: பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து இலையுதிர்காலத்தில் நடப்பதால், ஒன்பதாம் வகுப்புக்குப் போன தோழர்கள் பள்ளி அணிக்குச் சென்றுவிட, இவர்களுக்கு அந்தப் பருவம் முழுதும் ஆட அணியே இருக்காது. பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டாம் முறை: தோழர்கள் கல்லூரிக்குப் போய்விட, எஞ்சியவர்களைக் கிளப் எங்காவது ஒட்டவைக்கும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் உண்மையான இழப்பு நேர்ந்தது. பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரர்களைக் காண்பது 'ஷோகேஸ்' எனப்படும் பெரிய போட்டிகளில். டஜன்கணக்கான மைதானங்களில் ஒரே வேளையில் ஆட்டம் நடக்கும். பயிற்சியாளர் மடக்கு நாற்காலியுடனும் அணிப் பட்டியலுடனும் வருவார்; பட்டியலில் சட்டை எண்ணுக்கு அருகே பள்ளி முடிக்கும் ஆண்டு அச்சிட்டிருக்கும். 2026 சேர்க்கைக்கு ஆள் தேடும்போது அவர் 2008 அணிகளின் மைதானத்துக்குப் போவார், ஏனெனில் அங்கே மூன்றில் இரண்டு பங்கினர் 2026. அடுத்த ஆண்டு 2027-க்குத் தேடும்போது 2009 அணிகளின் பக்கம் நகர்ந்துவிடுவார். 2008 அக்டோபரில் பிறந்தவள் முதலாண்டில் அவர் கண்முன் இருந்தாள், ஆனால் அவருக்கு வேண்டிய ஆண்டுக்குரியவள் அல்லள். இரண்டாம் ஆண்டில் அவருக்கு வேண்டியவள், ஆனால் அவர் வேறு மைதானத்தில் இருந்தார். தன்னைவிட மூத்தவர்களோடு ஆடியதால் அவள் வலுப்பெற்றிருக்கலாம். கனடிய ஹாக்கியில் உச்சநிலைக்குச் சென்றவர்களிடையே சாய்வு தலைகீழாவதை 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பின்தங்கிப் பிறந்து தாக்குப்பிடித்தவர்கள் இறுதியில் மேலோங்கினார்கள். தாக்குப்பிடிக்காதவர்கள் அத்தகைய கணக்குகளில் வருவதில்லை.

வகுப்பாண்டுக்கு இத்தனை கனம் சேர்ந்ததில் என்.சி.ஏ.ஏ. விதிகளுக்கும் பங்குண்டு. ஒன்பதாம் வகுப்பில் காலெடுத்து வைக்குமுன்பே பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்ட கால்பந்துச் சிறுமிகளைப் பற்றி 2014-இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அந்த ஓட்டத்துக்குக் கடிவாளமாக 2019-இல் புதிய விதி வந்தது: பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15-க்கு முன் பயிற்சியாளர்கள் மாணவரோடு சேர்ப்புப் பற்றிப் பேசக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதன் பக்கவிளைவாக ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு திறப்பு நாள் உண்டாயிற்று. அதற்கு முந்தைய சில மாதங்களில் யாரை எந்த மைதானத்தில் பார்த்தார்கள் என்பது முன்னைவிட முக்கியமாயிற்று. கால்பந்தின் நாட்காட்டி பள்ளியிலிருந்து விலகிய மூன்றே ஆண்டுகளில், சேர்ப்பின் நாட்காட்டி பள்ளியோடு இன்னும் இறுகக் கட்டப்பட்டது. இந்த இரு முடிவுகளையும் எடுத்த அமைப்புகள் வேறு வேறு. ஒன்று ஃபிஃபாவைப் பார்த்தது, மற்றது வகுப்பறையைப் பார்த்தது.

உலக நடைமுறை என்ற வாதத்தையும் சற்றே தட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் இளையோர் கால்பந்தின் வயது ஆகஸ்ட் 31 நள்ளிரவில் கணக்கிடப்படுகிறது, பள்ளியாண்டைப் போலவே. ஃபிஃபாவின் ஜனவரி 1 அங்கே கிளப் கால்பந்தைத் தொடவில்லை. அதனால் இங்கிலாந்தின் இளையோர் தேசிய அணிகள் முடங்கிப்போகவும் இல்லை. 2017-இல் அந்நாடு 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர் ஆகிய இரு உலகக் கோப்பைகளையும் வென்றது. முதலாவதன் இறுதியாட்டம் நடந்தது கொல்கத்தாவில். தேசிய அணிக்குத் தேவைப்படும் சில டஜன் பேருக்குரிய நாளை இலட்சக்கணக்கானோர் மீது ஏற்றுவது அவசியமா என்ற கேள்வி 2015-இலேயே எழுந்திருக்கக் கூடியது.

அது எழுந்து முடிவாகப் பத்தாண்டு ஆயிற்று. 2024 நவம்பரில் கூட்டமைப்பு, 2026-27 பருவம் முதல் உறுப்பு அமைப்புகள் தத்தம் வரம்பு நாளைத் தாமே தீர்மானிக்கலாம் என்றது. 2025-இல் யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. ஆகிய மூன்றும் ஆகஸ்ட் 1-க்கே திரும்புவதாக அறிவித்தன. தேசிய இளையோர் அணிகள் ஃபிஃபாவின் போட்டிகளுக்காகப் பிறப்பாண்டிலேயே தொடரும்.

இத்திருப்பத்தால் 2027 வகுப்பினர் பெரும்பாலும் ஒரே மைதானத்தில் கிடைப்பார்கள். பயிற்சியாளருக்கு வசதி, அக்டோபரில் பிறந்தவளுக்கு நியாயம். ஆனால் இப்போது பள்ளியில் இளையவர் கால்பந்திலும் இளையவர். பிறப்பாண்டு முறையில் ஜூன், ஜூலையில் பிறந்தோர் வகுப்பில் கடைசியாயினும் அணியில் நடுவில் இருந்தார்கள். அந்த ஈடு மறைகிறது. வசதியுள்ள பெற்றோர் கோடையில் பிறந்த பிள்ளையை ஓராண்டு தாமதித்துப் பள்ளியில் சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அதற்கு வழங்கும் 'ரெட்ஷர்ட்' என்ற சொல்லே கல்லூரி விளையாட்டிலிருந்து வந்தது, ஓராண்டு ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சி மட்டும் பெறுபவரைக் குறித்து. வரம்பு நாள் பிறந்த தேதியைப் பார்ப்பதால் அப்படிச் சேர்க்கப்பட்ட ஜூலைக் குழந்தை கீழ்வகுப்பில் படித்துக்கொண்டே மேல்வகுப்பின் அணியில் ஆட நேரும். செப்டம்பர் 1 மாநிலங்களில் ஆகஸ்டில் பிறந்தோர் நிலை இதற்கு நேர்மாறு: படிப்பில் ஒரு வகுப்பு மேலே, அணியில் கீழே. சிக்கிக்கொண்டவர்கள் நான்கு மாதத்திலிருந்து ஒரு மாதமாகக் குறைந்திருக்கிறார்கள்.

அவர்கள் வந்து நிற்கப்போகும் வாசலும் இதற்கிடையில் குறுகிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் உடன்பாட்டின்படி, அதில் இணைந்த பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை உச்சவரம்பு நீங்கியது. பதிலாக ஒரு கால்பந்து அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. 2018 முதல் இயங்கும் இடமாற்றப் பதிவேடு வழியே வேறு பல்கலைக்கழகத்தில் ஈராண்டு ஆடி முதிர்ந்த ஆட்டக்காரரைப் பயிற்சியாளர் எடுத்துக்கொள்ளலாம். பதினேழு வயதினரில் யார் சில மாதம் மூத்தவர் என்று பார்த்துக்கொண்டிருந்த மைதானத்தில், அந்த 28 இடங்களுக்காக இருபது, இருபத்தொரு வயதினரும் நிற்கிறார்கள்.