பெருங்களத்தூர் ஹெரால்டு

ஒரு காருக்குக் கண்டம் வருவது அதன் 15 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில். 15 வயதுவரை அது வீட்டு வண்டி. தினமும் ஓடியாக வேண்டும் என்பதால் எப்படியும் கவனிப்பு கிடைத்துவிடும். 50-ஐத் தாண்டி நின்றுவிட்டால் பாரம்பரியச் சின்னம் என்று மாலை போட்டு ஊர்வலத்தில் விடுவார்கள். இடையிலுள்ள 35 ஆண்டுகளுக்குப் ‘பழைய வண்டி’ என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. சேகரிப்பாளர்கள் இன்று ஊர் ஊராகத் தேடியலையும் கார்களில் பல, அந்த இடைக்காலத்தில்தான் இரும்பு விலைக்குப் போயின. இதற்கு நான் காட்டக்கூடிய மிக அருகிலுள்ள சான்று, சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் பிறந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-இல் மதராஸில் தொடங்கியது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனிதான் மூலம். முதலில் வான்கார்ட் வந்தது. பிறகு ஸ்டாண்டர்ட் எட்டு, பத்து, பென்னன்ட் என்று சிறிய கார்கள் வந்தன. 1961-இல் ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959 முதல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று விற்ற அதே கார், இங்கே ஸ்டாண்டர்ட் என்ற குடும்பப் பெயரோடு வெளிவந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், மதராஸில் ஹெரால்டு. இந்தியச் சாலையில் கார் என்றால் ஏறக்குறைய இந்த மூன்றும்தான் என்றிருந்த காலம் அது. முன்னிரண்டைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, திரைப்படக் காட்சிகள் உண்டு, ஊர்ப் பெருமை உண்டு. நம் ஊரிலேயே செய்த மூன்றாவதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

பேச நிறைய இருக்கிறது. ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. கூர்மையான கோடுகள், ஒல்லியான தூண்கள், நாற்புறமும் அகலக் கண்ணாடி. அம்பாசடரின் உருண்ட முதுகுக்கும் இதற்கும் ஒரு தலைமுறை இடைவெளி தெரியும். ஆனால் தோலுக்கு அடியில் இருப்பது பழைய முறை. உலகமெங்கும் கார்க் கம்பெனிகள் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாக வார்த்தாற்போல் செய்யத் தொடங்கிவிட்ட நேரத்தில், ஹெரால்டு தனிச் சேஸிஸ் மேல் உட்கார்ந்தது. அதற்குக் காரணம் ஒரு வியாபார நெருக்கடி. ஸ்டாண்டர்டுக்குக் கார் உடல்களைச் செய்துகொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் அழுத்திச் செய்ய வழியில்லை. ஆகவே உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி திட்டமிட்டார்கள். வேறு வழியில்லாமல் எடுத்த அந்த முடிவுதான், 60 ஆண்டுகள் கழித்தும் ஒரு ஹெரால்டை உயிர்ப்பிக்க முடிகிறது என்பதற்கு முதல் காரணம். கூரையைத் தனியாகக் கழற்றலாம். கதவுக்குக் கீழுள்ள ஓரத் தகட்டைக் கழற்றி வேறு போடலாம். முழு உடலையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சேஸிஸை மட்டும் பார்க்கலாம்.

பானெட்டைத் திறக்கும்போதுதான் இந்தக் காரின் குணம் முழுமையாகத் தெரியும். இரு பக்கமும் உள்ள கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டுகள், முகப்பு விளக்குகள் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்கிறது. இரண்டு முன்சக்கரங்களும், ஸ்டியரிங் கம்பிகளும், 948 சி.சி. இன்ஜினும் கண்முன் வெளியாகக் கிடக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கழற்றுவார். குனிய வேண்டாம், படுக்க வேண்டாம். மறைத்து வைத்தது என்று எதுவும் இல்லை. இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் கண்ணில் படுகிறது. ஹெரால்டைத் திறந்து பார்த்த பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடக் கார் எப்படி ஓடுகிறது என்பது பாதி புரிந்துவிடும். நான்கு கியர், தரையிலிருந்து எழும் சிறிய கியர்க் கம்பி (அம்பாசடரிலும் ஃபியட்டிலும் அது ஸ்டியரிங் தண்டில் இருந்தது), ஏறக்குறைய 25 அடி வட்டத்தில் முழுவதும் திரும்பிவிடும் முன்சக்கரங்கள். மயிலாப்பூர்ச் சந்துகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளப் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருக்கின்றன.

குறை இல்லாத வண்டி என்று நான் சொல்லவில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும் அச்சு முறையில் அமைந்தவை. குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைதான். வேகமாகத் திருப்பும்போது சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஆளும் மூட்டையுமாக ஏற்றினால் சக்கரங்கள் கால் விரித்து நிற்கும். நம் மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பு பிடிபடவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்துக்கு வந்த கேஸல் காரில் வழக்கமான முழு அச்சையே போட்டுவிட்டார்கள்.

முன்பக்கத்தில் இதைவிட நுட்பமான ஒரு நோய் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரையிட்ட ஒரு பித்தளைக் கிண்ணத்துக்குள் திரும்புகிறது. டிரன்னியன் என்று பெயர். அதற்குள் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். மற்ற இடங்களுக்கெல்லாம் கிரீஸ் அடிக்கிற கை, பழக்கத்தில் இதற்கும் கிரீஸையே அடித்துவிடும். கிரீஸ் மரைக்குள் இறங்காது, அங்கேயே காய்ந்து கட்டியாகும். உள்ளே தண்ணீர் புகும், துரு அரிக்கும், தண்டு மெலியும். ஒருநாள் வளைவில் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டைக் ‘கால் ஒடியும் வண்டி’ என்று பழித்தவர்கள் உண்டு. ஒரு சிறு கரண்டி எண்ணெய் நேரத்துக்கு விட்டிருந்தால் அந்தப் பழி வந்திருக்காது.

ஆனால் ஓடியதால் செத்த கார்களைவிட நின்றதால் செத்த கார்கள் அதிகம். ‘ஓட்டறதே இல்லீங்க, அப்படியே இருக்கு’ என்று உரிமையாளர் நம்பிக்கையோடு சொல்லும்போதே வண்டியின் நிலை தெரிந்துவிடுகிறது. பெட்ரோல் ஆவியாகிப் போனபின் கார்புரேட்டரின் மெல்லிய துளைகளில் பிசின் படிகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மையுள்ளது. அந்த ஈரம் சக்கர சிலிண்டர்களை உள்ளிருந்து அரித்துப் பிஸ்டனை இறுக்குகிறது. கிளச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. இன்ஜினுக்குள் தேங்கிய தண்ணீர் சேறாகிறது. ஒயரை எலி கடிக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. எத்தனால் நீரை ஈர்க்கும். அதைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டுப் பக்கச்சந்தில், வேப்பமரத்தின் கீழ் நின்ற ஒரு நான்கு கதவு ஹெரால்டை ஒருமுறை பார்த்தேன். மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். அக்கறையோடு செய்ததுதான். தார்ப்பாய்க்கு உள்ளே மழைக்காலத்து ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுப் பள்ளத்தில் வேப்பிலைச் சருகு மக்கி உரமாகக் கிடந்தது. மிதியடியைத் தூக்கினால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் தரை தெரிந்தது. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள் விரலால் தொட்டால் உதிர்ந்தன. ஹெரால்டில் உடலின் ஓரப் பாரத்தைச் சுமப்பவை அந்தத் தாங்கிகளே. அவை போனால் கதவு தொங்கும், மூடாது. வெளிப் பெயின்ட் மட்டும் இன்னும் இளநீலமாக, நன்றாகவே இருந்தது.

அந்த நான்கு கதவுதான் விஷயத்தின் மையம். இங்கிலாந்தில் செய்த ஹெரால்டு வகைகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றன. அவை எல்லாமே பக்கத்துக்கு ஒரு கதவு கொண்டவை. பின்னால் ஏற வேண்டுமானால் முன் இருக்கையை மடக்க வேண்டும். அம்மாவும் பாட்டியும் பட்டுப்புடவையோடு கல்யாணத்துக்குப் போகிற நாட்டில் அது எடுபடவில்லை. 1968-இல் வந்த மூன்றாம் மார்க் ஹெரால்டுக்கு நம்மவர்கள் நான்கு கதவு வைத்தார்கள். அப்படியொரு ஹெரால்டு உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில், 1971-இல், இங்கிலாந்தில் ஹெரால்டு நின்றது. ஆனால் அங்கே அந்தக் காரின் அடிச்சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களுக்குப் பெரிய ஆர்வலர் கூட்டம் இருப்பதால், இன்றும் டிரன்னியன், பிரேக் சிலிண்டர், சேஸிஸ் தாங்கி எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நம் ஆள் காசு கொடுத்து வரவழைத்துக்கொள்ளலாம். பின்கதவை மட்டும் வரவழைக்க முடியாது. அதன் கண்ணாடியையும் சுற்று ரப்பரையும் கேட்டு எந்த நாட்டுக்கும் எழுத முடியாது. நம்மவர்கள் தங்கள் மூளையைச் செலவிட்டுச் சேர்த்த பகுதிதான் இன்று கிடைக்கவே கிடைக்காத பகுதி. நான்கு கதவு ஹெரால்டு ஒன்று காயலான் கடைக்குப் போகும்போதெல்லாம் இந்த உலகத்திலுள்ள அந்தக் கதவுகளில் இரண்டு குறைகின்றன.

அம்பாசடரும் ஃபியட்டும் பிழைத்தது அழகினால் அன்று. கல்கத்தா டாக்சி, பம்பாய் டாக்சி என்ற பிழைப்பு அவற்றுக்கு இருந்தது. டாக்சி இருக்குமிடத்தில் உதிரி பாகம் இருக்கும், பட்டறை இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் இறக்கும் பையன்கள் இருப்பார்கள். அம்பாசடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது. மும்பையில் ஃபியட்டின் வழிவந்த கடைசிப் பத்மினி டாக்சி 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் விடைபெற்றபோது பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. எம்.ஜி.ஆரின் அம்பாசடர் டி.எம்.எக்ஸ். 4777 தியாகராய நகர் நினைவில்லத்தில் நிற்கிறது. அது அவர் ஏறிய வண்டி என்பதால் காக்கப்பட்டது. ஹெரால்டுக்கு டாக்சிப் பிழைப்பும் அமையவில்லை, அப்படியொரு புகழும் வாய்க்கவில்லை. டாக்டர், வக்கீல், கல்லூரிப் பேராசிரியர் வீடுகளில் இருந்தது. அவர்கள் ஓய்வுபெற்றபோது அதுவும் ஷெட்டுக்குள் போனது.

நிறுவனமும் நிலைக்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் கேஸலோடு கார் உற்பத்தி அடங்கி, வேன்கள் மட்டும் தொடர்ந்தன. 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரோடு திரும்ப வந்தார்கள். உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, இன்ஜினோ பழைய வான்கார்ட் வழிவந்த இரண்டு லிட்டர். விலை அதிகம், ஓட்டத்தில் விறுவிறுப்பு இல்லை. மாருதி வந்துவிட்ட நேரம் வேறு. 1988-இல் ஆலை நின்றது. பல ஆண்டுகள் கழித்து ஆலைச் சொத்து ஏலத்துக்கு வந்தபோது, அங்கே தேங்கிக் கிடந்த ரோவர் பாகங்களை ஒரு பிரிட்டிஷ் உதிரி பாக வணிகர் வாங்கிக் கப்பலேற்றிப் போனார். அங்கே ரோவரைப் பேணுகிறவர்களுக்கு அது புதையல். நமக்கு அது பயன்படும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

எஞ்சியவற்றை எப்படிக் காப்பது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2012-இல் ஏற்ற டூரின் சாசனத்தில், முடிந்தவரை உள்ளதை உள்ளபடி பேணுவதையே முதலில் வைக்கிறது. மாற்றிச் செய்வது பிறகுதான். நம் பட்டறைகளின் வழக்கம் நேர்மாறு. வண்டி வந்தவுடன் முழுக்கச் சுரண்டி, டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, மெட்டாலிக் பெயின்ட் அடித்து, மாருதி இன்ஜின் வைத்து, ஏசி மாட்டி ‘ஷோரூம் கண்டிஷன்’ ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்த கார் பளபளக்கும். பெருங்களத்தூர் ஆலையில் என்ன பெயின்ட் அடித்தார்கள், இருக்கைக்கு எந்தத் துணி போட்டார்கள் என்பதற்கான கடைசிச் சாட்சி போய்விடும். துரு பிடித்த தகட்டை மாற்றத்தான் வேண்டும். பிரேக்கில் சமரசமே கூடாது. மற்றபடி, மங்கிய பெயின்ட்டை மெழுகு தேய்த்து விட்டுவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. டாஷ்போர்டு விரிசலும் கதவுக் கைப்பிடித் தேய்மானமும் அப்படியே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஹெரால்டைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர், அந்தக் கார் ஓடிய காலத்தில் பிறக்காதவர்கள். பழைய நினைவு என்று இதை ஒதுக்க முடியாது. தன் கையால் திறந்து, பார்த்து, புரிந்து, சரிசெய்யக்கூடிய ஒரு பொருள் வேண்டும் என்ற ஆசை அவர்களை இழுக்கிறது. பழைய உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஸ்டாண்டர்ட் வேனிலிருந்து கழற்றிய ஒரு பாகம் கிடைத்தால், அது ஹெரால்டுக்கும் சேருமா என்று இரவெல்லாம் பேசுகிறார்கள். சேர்ந்துவிட்டால் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்!

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத கார்களுக்கும் பைக்குகளுக்கும் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் வெளியே எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. ஹெரால்டுகளும் ஆரம்பகாலக் கேஸல்களும் இந்த வாசலைத் தொட்டுவிட்டன. ஸ்டாண்டர்ட் 2000-க்கு 2035 வரை பொறுக்க வேண்டும். விண்ணப்பத்தோடு இன்சூரன்ஸும் பழைய ஆர்.சி.யும் வைக்க வேண்டும். அங்கேதான் பலருக்குத் தட்டுகிறது. தாத்தா பெயரில் உள்ள ஆர்.சி. புக் அவருக்குப் பின் யார் பெயருக்கும் மாறியிருக்காது. சில வீடுகளில் அது பழைய பத்திரிகைகளோடு எடைக்கே போயிருக்கும். இதைப் படிப்பவர் வீட்டு ஷெட்டில் அப்படி ஒரு வண்டி நின்றால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பீரோவில் ஆர்.சி. புக்கைத் தேடி எடுத்து, வாரிசுச் சான்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். தார்ப்பாயையும் இன்றே எடுத்துவிடுங்கள்.