கீழ் மூன்றிலொரு பகுதி: 2017 ஆம் ஆண்டின் டெஸ்டோஸ்டெரோன் ஆய்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

பெண் தடகள வீராங்கனைகளின் உடல் இயல்பாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோனுக்கும் அவர்களின் போட்டித் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோரில் ஒரு சாரார், 2017 இல் பெர்மோன், கார்னியே ஆகிய இருவரும் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வை, ஹார்மோன் தரும் அனுகூலத்தின் அளவுகோலாகவே கொண்டுவிட்டனர். மறுசாரார் அதன் தரவுப் பிழைகளைச் சுட்டி, ஹார்மோனுக்கே பங்கில்லை என்னும் முடிவுக்குப் போயினர். இரு தரப்பினரின் கண்ணும் டெஸ்டோஸ்டெரோன் மிகுந்த வீராங்கனைகள் மீதே இருந்தது. அவர்கள் யாரோடு ஒப்பிடப்பட்டார்கள் என்னும் கேள்விக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. ஆய்வின் பொருளே அக்கேள்வியில்தான் தங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2011 இல் டேகுவிலும் 2013 இல் மாஸ்கோவிலும் நடந்த உலகத் தடகளப் போட்டிகளில் திரட்டப்பட்ட 2,127 பதிவுகளை அவ்வாய்வு எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு போட்டியிலும் பங்கேற்ற பெண்கள், குருதியிலுள்ள கட்டற்ற டெஸ்டோஸ்டெரோன், அதாவது புரதங்களோடு பிணையாமல் திசுக்களுக்குள் செல்லக்கூடிய சிறு பங்கு, எவ்வளவு என்பதைக் கொண்டு மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். மேல் பகுதியினரின் சராசரித் திறன் கீழ் பகுதியினருடையதோடு ஒப்பிடப்பட்டது. 400 மீட்டரில் 2.73 விழுக்காடும், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 2.78 விழுக்காடும், 800 மீட்டரில் 1.78 விழுக்காடும், சம்மட்டி எறிதலில் 4.53 விழுக்காடும், கோலூன்றித் தாண்டுதலில் 2.94 விழுக்காடும் மேல் பகுதியினர் முந்தியிருந்தனர். 50 விநாடிகளில் முடியும் 400 மீட்டர் ஓட்டத்தில் 2.73 விழுக்காடு என்பது ஏறத்தாழ 1.4 விநாடி, உலகப் போட்டி இறுதிச்சுற்றில் பதக்கம் பெறுபவரையும் கடைசியாக வருபவரையும் பிரிக்கப் போதுமான இடைவெளி அது. ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டுட்டீ சந்த் தொடுத்த வழக்கில் விளையாட்டு நடுவர் மன்றம் 2015 இல், டெஸ்டோஸ்டெரோன் மிகுந்த பெண்களைக் கட்டுப்படுத்திய அப்போதைய விதியை நிறுத்திவைத்து, அனுகூலத்தின் அளவுக்குச் சான்று கேட்டிருந்த நிலையில், இவ்வெண்கள் பெற்ற செல்வாக்கு வியப்புக்குரியதன்று.

பீல்கேயும் அவருடன் இணைந்தோரும் 2019 இல் நான்கு ஓட்டங்களின் தரவை மீளச் சரிபார்த்து, 17 முதல் 33 விழுக்காடு வரையான பதிவுகளில் பிழை இருப்பதைக் காட்டினர்: ஒரே வீராங்கனை இருமுறை வருகிறார், அதிகாரபூர்வ முடிவுகளில் இல்லாத நேரங்கள் இடம்பெறுகின்றன. 2021 இல் மூல ஆசிரியர்களே திருத்தக் குறிப்பொன்று வெளியிட்டு, தங்கள் ஆய்வு தேடல்நிலை ஆய்வே என்றும், அது காரணகாரியத் தொடர்பை நிறுவவில்லை என்றும் ஒப்புக்கொண்டனர். பல போட்டிகளைத் தனித்தனியே சோதிக்கும்போது சில வேறுபாடுகள் தற்செயலாகவே தலைகாட்டும் என்ற புள்ளியியல் ஆட்சேபமும் சரியானதே. ஆயினும் இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். ஒவ்வொரு நேரமும் பிழையின்றிப் பதிவாகியிருந்தாலும் அடிப்படைச் சிக்கல் அப்படியே நிற்கும்.

அச்சிக்கல் கீழ் பகுதியில் இருக்கிறது. கட்டற்ற டெஸ்டோஸ்டெரோன் எதனால் குறைகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்ணின் கல்லீரல், பாலின ஹார்மோன்களைப் பிணைக்கும் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. சூலகச் சுரப்பும் தணிகிறது. இரண்டும் சேர்ந்து கட்டற்ற பங்கைத் தாழ்த்துகின்றன. பயிற்சியின் செலவுக்கு ஈடாக உணவு கிடைக்காதபோது மூளையடித் தூண்டல் தளர்ந்து, மாதவிடாய் நின்று, பல பெண்களில் ஆண்மை ஹார்மோன்களும் குறையக்கூடும். நீண்டகால ஆற்றல் பற்றாக்குறை எலும்பை மெலியச் செய்வதோடு திறனையும் கெடுக்கிறது என்பது விளையாட்டு மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. எனவே குருதியளவை மட்டும் வைத்து வகுக்கும்போது, கீழ் பகுதியில் இயல்பாகவே குறைவாகச் சுரப்போர், மாத்திரை உட்கொள்வோர், உடல் நலிந்தோர் ஆகிய மூவகையினரும் ஒன்றாகச் சேர வாய்ப்புண்டு. அவ்வாறாயின் 2.73 விழுக்காடு என்பது மேலோரின் அனுகூலமா, கீழோரின் நலிவா என்று அவ்வெண்ணைக் கொண்டே பிரித்தறிய இயலாது. நலிவுக்கும் அதில் கணிசமான பங்குண்டு என்று கொள்வதே உடலியலுக்குப் பொருந்துகிறது.

மேல் பகுதியில் இருந்தோர் யார் என்பதும் கருதத்தக்கது. டேகுவில் போட்டியிட்ட 849 பெண்களை ஆராய்ந்து 2014 இல் வெளியான கட்டுரை, ஊக்கமருந்து எடுத்தோரும் பாலின வளர்ச்சி வேறுபாடு உடையோரும் நீங்கலாக, 99 விழுக்காட்டினரின் மொத்த டெஸ்டோஸ்டெரோன் லிட்டருக்கு 3.08 நானோமோலுக்குள் அடங்கிவிடுவதைக் காட்டியது. ஆகவே மேல் பகுதியினரில் மிகப் பெரும்பாலோர் வழக்கமான பெண் வரம்புக்குள் இருந்தவர்களே. அவர்களிடையே கண்ட வேறுபாட்டை, உலகத் தடகள அமைப்பு 2018 இல் கொண்டுவந்த புதிய விதி 5 நானோமோலுக்கு மேற்பட்ட, முற்றிலும் வேறான உடலமைப்பு கொண்ட சிலருக்கு நீட்டியது. ஆய்வு கட்டற்ற பங்கை அளக்க, விதி மொத்த அளவைக் கேட்டது. ஆய்வில் வேறுபாடு தென்படாத 1,500 மீட்டரும், ஆய்வில் இடம்பெறாத மைல் ஓட்டமும் விதியில் சேர்க்கப்பட்டன, மிகுதியாகத் தென்பட்ட சம்மட்டி எறிதல் விடப்பட்டது. 2019 இல், அவ்விதியை எதிர்த்து ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா தொடுத்த வழக்கைப் பெரும்பான்மையால் தள்ளிய நடுவர் மன்றமே அவ்விரு ஓட்டங்களுக்கான சான்று குறித்துத் தயக்கம் தெரிவித்தது.

இதனால் டெஸ்டோஸ்டெரோனுக்கு விளைவே இல்லை என்றாகிவிடாது. அவ்வாறு கூறுவோரின் நிலை ஏற்கத்தக்கதன்று. ஹிர்ஷ்பெர்க் குழுவினர் 48 இளம்பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் களிம்பைப் பத்து வாரங்கள் பூசச் செய்தபோது, அவர்களின் குருதியளவு 0.9 இலிருந்து 4.3 நானோமோலுக்கு உயர்ந்தது. களைத்து நிற்கும்வரை ஓடும் நேரம், மருந்தற்ற களிம்பு பெற்றோரைவிட 8.5 விழுக்காடு கூடியது. காரணகாரியத் தொடர்பைக் காட்டும் சான்று இதுவே. எனினும் குறுகிய நேர உச்ச ஆற்றல் சோதனையில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. பருவமடைதல் தொட்டு ஹார்மோனோடு வளர்ந்த உடலும், பத்து வாரம் களிம்பு பூசிய உடலும் ஒன்றல்ல. பெண்கள் பிரிவில் போட்டியிடும் தகுதிக்கு 2025 செப்டம்பர் முதல் எஸ்ஆர்ஒய் என்னும் மரபணுவுக்கான சோதனை வந்துவிட்டதால் இவ்விவாதம் காலாவதியாகிவிட்டது என்பாரும் உண்டு. யார் ஓடலாம் என்பதை மரபணு வரையறுக்கலாம், ஹார்மோன் என்ன செய்கிறது என்பதற்கு அது விடையாகாது.

ஒப்பீட்டின் கீழ் முனையைப் புறக்கணித்ததன் விலையை உடல்நலமே செலுத்தியிருக்கிறது. ஹார்மோன் குறைந்து நலிந்த வீராங்கனைக்குச் சிகிச்சை தேவை என்ற முடிவை நோக்கிச் சென்றிருக்கக்கூடிய அதே தரவு, நலமாயிருந்தவர்களின் ஹார்மோனை மருந்தால் குறைக்கும் விதிக்குத் துணைபோனது. உடல்நலத் தேவை ஏதுமின்றி, வளரும் நாடுகளைச் சேர்ந்த 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளுக்கு ஹார்மோனைக் குறைக்க அறுவை செய்யப்பட்டதை 2013 இல் பிரெஞ்சு மருத்துவர்களே பதிவு செய்திருக்க, அதற்குப் பின் வந்த ஆய்வு எதுவும் கீழ் பகுதியினரின் மாதவிடாய் வரலாறு, மாத்திரைப் பயன்பாடு, உணவுநிலை ஆகியவற்றைத் தனித்துப் பிரித்து ஆராயாமல் அனுகூலம் பற்றிப் பேசியிருக்கக் கூடாது.