மறுக்கப்பட்ட கலாநிதிப் பட்டம்

உளவியல் கற்க விரும்பும் மாணவர்கள், கலைமாணிப் பட்டமா விஞ்ஞானமாணிப் பட்டமா சிறந்தது என என்னிடம் வினவுவதுண்டு. அவ்வேளைகளில், பட்டமே மறுக்கப்பட்ட அமெரிக்கப் பெண்மணி மேரி விட்டன் கல்கின்ஸ் பற்றி நான் கூறுவேன்.

வெலஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்க மொழி கற்பித்துவந்த அவருக்கு, ஓராண்டு பயின்று வந்தால் புதிய துறையான உளவியலைப் போதிக்கலாம் என அக்கல்லூரி வாய்ப்பளித்தது. அவர் நாடியது ஹாவார்ட் பல்கலைக்கழகத்தை. அதுவோ அக்காலத்தில் பெண்களை மாணவராகப் பதிவுசெய்வதில்லை. தந்தையாரும் கல்லூரித் தலைவியும் விண்ணப்பித்ததன் பின்னர், 1890ஆம் ஆண்டு, வில்லியம் ஜேம்ஸின் வகுப்பில் விருந்தினராக அமர மட்டும் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே வெலஸ்லியில் உளவியல் ஆய்வுகூடமொன்றை அவர் நிறுவினார்.

எண்ணங்கள் ஒன்றுடனொன்று பிணைவது பற்றி ஆராய்ந்த அவர், 1895இல் ஹாவார்ட் பேராசிரியர்கள் முன் பரீட்சைக்குத் தோற்றினார். அவர்கள் ஒருமித்துப் பரிந்துரைத்தபோதிலும், பெண் என்ற காரணத்தால் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்தது. 1902இல் ரட்கிளிஃப் மகளிர் கல்லூரியின் பெயரால் பட்டம் தர முன்வந்தார்கள். பயின்றது ஹாவார்டில் எனக் கூறி அதனை அவர் ஏற்க மறுத்தார்.

1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதற் பெண் தலைவரானார். எனினும் 1930இல் மறையும்வரை ஹாவார்ட் தன் முடிவை மாற்றவில்லை. அவர் அடைந்த புகழ் அந்த அநீதியை ஈடுசெய்துவிட்டது என நான் கருதவில்லை. இன்றைய மாணவியர் விரும்பிய பட்டத்தைத் தெரிவுசெய்யும் உரிமை, இத்தகையோர் தட்டிய கதவுகளின் வழியே வந்ததாகும்.