அமெரிக்கச் சிறுநகரத் தீயணைப்புத் துறையும் ஆம்புலன்ஸ் சேவையும்

அமெரிக்காவின் பல சிறுநகரங்களில் மாரடைப்பு என்று 911 எண்ணை அழைத்தால் முதலில் வந்து நிற்பது தீயணைப்பு வண்டி. தீக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று பழகிய தமிழ்நாட்டவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். இது யாரும் திட்டமிட்டு உருவாக்கிய ஏற்பாடு அல்ல.

1960கள் வரை அந்நாட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களில் பலர் ஈமச்சடங்கு நிறுவனத்தார். ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டுசெல்லும் நீளமான கார் ஊரில் அவர்களிடம்தான் இருந்தது. தேவைக்கேற்பச் சவ ஊர்தியாகவோ ஆம்புலன்சாகவோ மாற்றிக்கொள்ளும் கார்களே விற்பனைக்கு வந்தன. கூரை தாழ்வு, உள்ளே அமர்ந்து சிகிச்சை தர இடம் போதாது. பிழைக்காதவரின் குடும்பம் அதே நிறுவனத்துக்கு வாடிக்கையாளராவது சங்கடமானதுதான். ஆயினும் அவர்களைக் குறைசொல்வது முழு நியாயமாகாது. ஊரில் வேறு யாரும் முன்வராத வேலையை அவர்கள் செய்தனர்.

1966இல் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை இந்நிலையை அம்பலப்படுத்தியது. 1965இல் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்ததையும், நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை ஈமச்சடங்கு நிறுவனங்கள் நடத்துவதையும் அது சுட்டியது. பயிற்சி, கருவி, ஊதியம் ஆகியவற்றுக்கான விதிகள் இறுகியதும் அந்நிறுவனங்கள் விலகத் தொடங்கின.

நகரமன்றங்கள் அடுத்து யாரை நாடுவது? இரவெல்லாம் ஆள் விழித்திருக்கும் இடம், வண்டி நிறுத்தக் கொட்டகை, வானொலிக் கருவி, தெருக்களை அறிந்த ஓட்டுநர்கள் எல்லாம் தீயணைப்பு நிலையத்தில் ஏற்கெனவே இருந்தன. தீயணைப்பு வீரர்களால் மருத்துவமும் செய்ய முடியும் என்பதை மயாமியில் டாக்டர் யூஜின் நேகலும், 1970இல் சியாட்டிலில் டாக்டர் லெனார்ட் காப்பும் காட்டியிருந்தனர். 1972இல் தொடங்கிய ‘எமர்ஜென்சி!’ என்ற தொலைக்காட்சித் தொடர் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

பெருநகரத்துக்குப் பொருந்தியது சிறுநகரத்துக்கு அப்படியே பொருந்தவில்லை. பணிமுறையில் இருப்பவர்களே சிலர். அவர்களில் இருவர் தொலைதூர மருத்துவமனைக்கு நோயாளியை ஏற்றிச் சென்றால், அந்நேரத்தில் தீப்பிடிக்கும் வீட்டுக்கு ஆள் போதாது. அக்கம்பக்கத்து ஊர்கள் உதவி ஒப்பந்தம் செய்துகொள்வது இதனால்தான். பணமும் சிக்கலானது. தீயணைப்புக்கு வரிப்பணம் உண்டு. ஆம்புலன்சுக்கோ பெரும்பாலும் நோயாளிக்கோ அவரது காப்பீட்டுக்கோ கட்டணச் சீட்டு போகும். அதுவும் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால்தான். வீட்டிலேயே சிகிச்சை தந்து திரும்பினால் பல வேளைகளில் காப்பீட்டிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை.